மினிபஸ் கூவலில் தொடங்கும் படம்

தென்னமெரிக்க நாடுகள் ஆறிலிருந்து ஆறு குட்டி அனிமேஷன் படங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே திரைப்படம். பொலிவியாவின் பங்கு எங்கள் எல் ஆல்தோ நகருக்கு வந்தது. இயக்கியவள் பெனீத்தா. கம்பளி நூலிலும் கம்பியிலும் பொம்மைகள் செய்தவள் நான்.

மினிபஸ் கதவில் தொங்கியபடி ஊர்ப்பெயர் கூவி ஆள் ஏற்றும் பெண்தான் எங்கள் நாயகி. பெனீத்தாவின் தங்கை ஔரேலியாவுக்கு அதுதான் பிழைப்பு. பொம்மைக்குக் குரல் கொடுத்ததும் அவளே.

தயாரிப்பாளர் எசெக்கியேல் புவெனோஸ் அயர்ஸிலிருந்து வந்தார். படத்தைப் பார்த்துக் கைதட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நல்லாருக்கு. ஆனா மலையில மேயற லாமா எங்க? பனிமலை எங்க? ஒரு புல்லாங்குழல்கூட இல்லையே. இது ஆண்டீஸ்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லாமா நேத்து சூப்புல இருந்துச்சு சார். நீங்கதான் ரெண்டு கிண்ணம் குடிச்சீங்க," என்றாள் பெனீத்தா.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அதற்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்துவிட்டாள். "கிளம்புங்க. எங்க ஊரு எப்படின்னு காட்டறேன்."

மினிபஸ்கள் கூடும் சேஹா சந்திப்பில் வழக்கமான நெரிசல். எங்கள் ஊரின் நாலாயிரம் மீட்டர் உயரம் பழகாத எசெக்கியேலுக்கு மூச்சு வாங்கியது.

"வழில நின்னு என்னண்ணே யோசனை? ஏறுங்க, ஏறுங்க!" தன் மினிபஸ் கதவில் தொங்கிய ஔரேலியா அவரைப் பிடித்துக் கதவோர இருக்கையில் தள்ளினாள். நாங்கள் ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"அய்யோ, போயிட்டாரே!" என்றேன்.

"போகட்டும். அவ பாத்துப்பா," என்றாள் பெனீத்தா.

சாயங்காலம்தான் திரும்பி வந்தார். தலை கலைந்து, குரல் கட்டிப்போயிருந்தது.

"உங்க தங்கச்சி என்னையும் கூவ வச்சிட்டாங்க," என்றார். "'சும்மாதானே உக்காந்திருக்கீங்க, கத்துங்க'ன்னாங்க. உருளைக்கிழங்கு மூட்டையோட ஏறின அம்மா ஒருத்தங்க, 'இந்தாளு கூவறதப் பாத்தா வண்டி அர்ஜென்டினாவுக்குப் போயிரும் போலிருக்கே'ன்னு கிண்டல் பண்ணாங்க. வண்டியே சிரிச்சுது. அப்புறம் எனக்கு ராகம் பிடிபட்டுருச்சு!" சூடான தேநீரை ஒரு மிடறு விழுங்கினார். "புல்லாங்குழல் வேண்டாம். ஆறு படத்துல உங்களோடதுதான் முதல்ல. அந்தக் கூவல்லதான் ஆரம்பிக்கணும்."

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்," என்றாள் பெனீத்தா, ஆச்சரியமே இல்லாமல்.

முதல் காட்சி எங்கள் ஊரிலேயே நடந்தது. ஓட்டுநர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். விளக்கு அணைந்தது. படம் தெரியும் முன்பே பேட்டைப் பெயரைக் கூவும் ஔரேலியாவின் குரல் எழுந்தது: "வியா அதேலா, வியா அதேலா, போகுது போகுது!"

"முக்குல இறங்கணும்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். அவ்வளவுதான், அரங்கம் முழுக்க ஆளாளுக்குத் தங்கள் நிறுத்தத்தைக் கத்தத் தொடங்கினார்கள்.

என் பக்கத்தில் இருந்த ஔரேலியா எழுந்து திரும்பினாள்.

"யாரும் இறங்கக் கூடாது! உக்காருங்கப்பா, இன்னும் அஞ்சு நாடு போகணும்!"