பின்வாங்கிய இரண்டு வண்டிகள்

இத்தாலியின் அந்த டஸ்கனி மலையூரில் ஆம்புலன்ஸ் ஓட்டுவது தொண்டு. சம்பளம் கிடையாது, ரோஷம் உண்டு. மாதா கோயில் சபைக்கு ஒரு வண்டி, சிவப்புக் கொடிச் சங்கத்துக்கு ஒரு வண்டி. நோயாளி வீட்டு வாசலில் யார் முந்தி நின்றார்கள் என்பதுதான் மறுநாள் காபிக் கடையில் பேச்சு. சமீபமாகச் சபையே முந்திக்கொண்டிருந்ததால், சங்கத்து வண்டி ஓட்டும் ஒர்னெல்லாவுக்குக் கடைப்பக்கம் போகவே கூசியது.

அன்று கசாப்புக்கடை அமெரிகோவுக்கு நெஞ்சை அடைத்தது. மனைவி ஃபோஸ்கா பதற்றத்தில் இரண்டு வண்டிகளையும் கூப்பிட்டுவிட்டாள்.

அவர்கள் வீட்டுச் சந்தின் கீழ்முனையில் ஒர்னெல்லா நுழைந்தாள், மேல்முனையில் சபையின் டூச்சோ. வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. இரண்டு பக்கமும் சுவர். கதவைத் திறந்து இறங்கக்கூட வழியில்லை.

"பின்னால எடுடா டூச்சோ!"

"நீ எடு. நான்தான் முதல்ல வந்தேன்."

"பள்ளிக்கூடத்துலயே நீ இப்படித்தான் புளுகுவே!"

மாடி ஜன்னலிலிருந்து ஃபோஸ்கா கத்தினாள்: "அட பாவிங்களா! மனுஷன் மூச்சு விட முடியாம கிடக்காரு, உங்களுக்குச் சண்டை கேக்குதா?"

ஒர்னெல்லாவுக்கு வெட்கமாகிவிட்டது. காபிக் கடையில் யார் சிரித்தால் என்ன என்று ரிவர்ஸ் போட்டாள். டூச்சோவுக்கும் அந்த நொடியில்தான் புத்தி வந்திருக்க வேண்டும். இரண்டு வண்டியும் மளமளவென்று பின்வாங்க, சந்து காலியாகிவிட்டது.

"ஐயையோ, ரெண்டு பேருமே போறாங்களே!" என்று ஜன்னலில் ஃபோஸ்கா அலறினாள்.

வண்டிகளைச் சந்துக்கு வெளியே நிறுத்திவிட்டு இரண்டு முனையிலிருந்தும் ஓடிவந்தார்கள், ஆளுக்கொரு துணையாளோடு. சபையின் ஆக்சிஜன், சங்கத்தின் ஸ்ட்ரெச்சர். அமெரிகோவின் கனத்த உடம்புக்கும் அந்தக் குறுகல் படிக்கும் நாலு பேருமே தேவைப்பட்டார்கள். வாசலுக்கு வருவதற்குள் வெளுத்திருந்த அவர் முகத்தில் களை திரும்பியது.

"உன் வண்டியிலேயே ஏத்து," என்றான் டூச்சோ.

"வேண்டாம், உன்னோடது ஆஸ்பத்திரி ரோட்டைப் பார்த்து நிக்குது."

"பரவாயில்ல, நீயே..."

அமெரிகோ ஆக்சிஜன் முகமூடியை விலக்கிச் சீறினார்: "இத்தனை நாளா நோயாளியைத் தூக்கிட்டுப் போக அடிச்சுக்கிட்டீங்க. இப்ப வேணாம்னு அடிச்சுக்கிறீங்களா? ஏதாவது ஒண்ணுல போடுங்கடா!"

சபை வண்டியிலேயே போட்டார்கள். ஒர்னெல்லாவும் கூட ஏறி உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்கப் பாதிரியார்களைத் திட்டியே பழகிய அமெரிகோ, வண்டிக்குள் தொங்கிய சிலுவையைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இதுல வந்ததைக் காபிக் கடையில சொல்லிடாதேம்மா."

"எப்படி மாமா சொல்லுவேன்? நான் வண்டியைப் பின்னால எடுத்ததையும் சேர்த்துல்ல சொல்லணும்!"

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டூச்சோ சிரித்த சிரிப்பில், அவள் மனம் லேசாகிவிட்டது.