லோர்னா ஒருமுறை வேண்டாமென்றாள்

...இன்னொரு முறை கேட்டிருக்கலாம் அல்லவா, எல்லோரும் கேட்பார்களே, காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்கிறோம், பரவாயில்லை குடியுங்கள் என்கிறார்கள், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்கிறோம், மூன்றாவது தடவைதானே கோப்பையைக் கையில் வாங்குகிறோம், அதற்குள் அந்தப் பெண் சரி என்று போனை வைத்துவிட்டாள்... கார் கழுவும் இடத்தில் நீண்ட வரிசை, பனி உருகத் தொடங்கிய முதல் நாள், டுலூத் நகரமே பனி உருகச் சாலையில் தூவி வண்டியில் ஒட்டிய உப்பைக் கழுவ வந்துவிட்டது, பக்கத்து இருக்கையில் கணவன் கோர்டி எதையோ மென்றுகொண்டிருக்கிறான், இந்த நேரத்திலுமா மெல்ல வேண்டும்...

"யாரு போன்ல?"

"காலேஜ். ஆகஸ்டுக்குப் பதிலா ஜூன்லயே சேரலாமாம். ஒரு சீட் காலியாம்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்காக சிரமப்படாதீங்க, வேற யாருக்காவது குடுங்கன்னேன்."

மெல்லுவது நின்றது. "எத்தனை தடவை?"

"ஒரு தடவைதான்."

"அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

"நியூஜெர்சின்னு சொன்னா."

"போச்சு போ. அங்கல்லாம் வேண்டாம்னா வேண்டாம்தான், லோர்னா."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. ஆகஸ்டில் சேர்ந்தால் புதுச் சட்டம், ஜூலையிலிருந்து மேற்படிப்புக்கு அரசாங்கம் தரும் கடனுக்கு உச்சவரம்பு, டாக்டருக்கும் பல் டாக்டருக்கும் வருடத்துக்கு ஒரு வரம்பு, மயக்க மருந்து கொடுக்கப் படிக்கப்போகும் நர்ஸுக்கு அதில் பாதிகூட இல்லை, மீதிக்கு வங்கிக்குப் போனால் கோர்டியின் படகுக் கடனைக் காட்டிச் சிரிப்பார்கள்... ஜூனில் சேர்ந்து, ஜூலைக்கு முன்பே முதல் கடன் கைக்கு வந்துவிட்டால் பழைய சட்டம்தான், படிப்பு முடியும்வரை முழுச் செலவும் கிடைக்கும். இத்தனையும் தெரிந்துதானே வேண்டாமென்றாய்? சட்டம் வந்த வாரம் பக்கத்து வீட்டு மார்வா உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பண்டத்தை இழவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தாள், இதுவும் நல்லதுக்குத்தான் என்று லோர்னாவே அவளைத் தேற்றி அனுப்பினாள். எது நல்லது? இத்தனை வருடம் அறுவை மேசையின் கால்மாட்டில் நின்று, தலைமாட்டு நாற்காலியில் மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியின் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொள்வதைப் பார்த்து, அந்த நாற்காலி, அந்த நாற்காலி என்று...

"திருப்பிக் கூப்பிடு," என்றான் கோர்டி.

"கூப்பிட்டு? எனக்கு வேணும்னா?"

"அப்படித்தான் கேப்பாங்க."

"யாரு கேப்பாங்க? உங்கம்மா கேப்பாங்களா?"

"எங்கம்மா செத்தாலும் கேக்க மாட்டா. நீ கேளு. உன்ன கட்டிக்க நான் மூணு தடவை கேட்டேன், மூணாவதுக்குள்ள எனக்குத் தொண்டையே வத்திப்போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, விரல் எண்ணை அழுத்தியது, வண்டி கழுவும் கூடத்துக்குள் நுழைய, கண்ணாடியெல்லாம் இளஞ்சிவப்பு நுரை. அதே குரல் எடுத்தது.

"நான் லோர்னா ஹாகன். அந்த சீட்..." உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், வேறு யாரும் கேட்கவில்லையென்றால், எல்லாம் நாக்குவரை வந்து நின்றன. "எனக்கு வேணும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. இருங்க... இன்னும் யாருக்கும் குடுக்கல. உங்க பேரைப் போட்டுட்டேன்."

இவ்வளவுதானா, ஒரே சொல், யாரும் முகம் சுளிக்கவில்லை. கோர்டி டேஷ்போர்டைத் தட்டித் தாளம் போடுகிறான், தூரிகைகள் கூரையில் உருள்கின்றன, அவள் சிரித்துக்கொண்டேயிருக்கிறாள்... ஆனால் இதற்கு முன் எங்கெல்லாம் ஒருமுறை வேண்டாமென்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை கேட்பார்கள் என்று இன்னும் காத்துக்கொண்டிருக்கிறாள்?