கேட்டேன் என்று சொன்னேன்

ஃபெர்கல் டிவானி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த பதினோரு வருடமும் எங்கள் ஊரான கில்கிரீவனில் அவனுடைய அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டது நான்தான். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு ஹீட்டர், ஒழுகும் ஜன்னல். அவனுடைய அக்காவும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்ச். அதனால் டப்ளினில் அவனை யார் எப்படிக் கூப்பிட்டாலும் எனக்கு அவன் வாடா போடாதான்.

சனிக்கிழமை காலைகளில் மக்கள் வருவார்கள். தெருவிளக்கு, பள்ளிப் பேருந்தில் இடம், இடுப்பு ஆபரேஷனுக்குத் தேதி, குழாயில் வரும் பழுப்புத் தண்ணீர். மேக்கி ரோச் என்ற விவசாயி ஒவ்வொரு மாதமும் ஒரே சாலைக் குழிக்காக வருவார்.

"இந்தக் குழியை எனக்கு ரெண்டு தேர்தலாத் தெரியும், மேக்கி" என்பான் ஃபெர்கல்.

"அதுக்கு ஓட்டு இருந்தா உனக்குத்தான் போடும். இவ்வளவு நாள் உயிரோட வச்சிருக்கியே."

அறையே சிரிக்கும். ஃபெர்கலும் சிரிப்பான். ஆனால் அன்று மாலையே சாலைத் துறைக்கு இன்னொரு கடிதம் எழுதச் சொல்வான். சோம்பேறி அல்ல அவன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அட்ராக்டா டர்கன் வந்தது ஒரு ஜனவரியில். எழுபத்திரண்டு வயது, நல்ல கோட்டு, சீவி முடித்த தலை. அவளுடைய கணவர் மலக்கி முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவர். எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாத பண்ணை கிடையாது. மூன்று வருடங்களாக அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரம் வீட்டுக்கு உதவியாளர் அனுப்புகிறோம் என்று சுகாதார அலுவலகத்திலிருந்து ஒப்புதல் கடிதம் வந்திருந்தது. கடிதம் வந்து ஏழு மாதம் ஆயிற்று. ஆள் வரவில்லை.

அன்று கூட்டம் அதிகம். அவள் முறை வரும்வரை என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்ப யாரு அவரோட இருக்காங்க?" என்று கேட்டேன், பேச்சுக்கு.

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. இன்னிக்கு மட்டும். வெள்ளிக்கிழமை பென்ஷன் வாங்கப் போறப்ப யாரும் கிடையாது, டிம்ப்னா. போன மாசம் மழையில மெயின் ரோட்டுல போய் நின்னுட்டாரு, லாரியைக் காணோம்னு. அதுலேருந்து கதவை வெளியில கட்டிட்டுப் போறேன். வைக்கோல் பொதி கட்டுற கயிறு இருக்குல்ல, அதால. இருபத்தஞ்சு நிமிஷம்தான். திரும்பி வந்தா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு அழுதுட்டு இருப்பாரு."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"இது உன்னோட இருக்கட்டும்" என்றாள். "ஃபெர்கல்கிட்ட கூட வேணாம். ஆள் வேணும்னு மட்டும் சொல்றேன்."

அப்படியே செய்தாள். உள்ளே போய்க் கடிதத்தைக் காட்டினாள், ஆள் வேண்டும் என்றாள், நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நாங்கள் எழுதினோம். பதில் வந்தது: ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது, பணியாளர் கிடைக்கும்போது தொடங்கப்படும். எழுத்து மூலமாக அவையில் கேள்வி போட்டோம். அதே வாக்கியம், இம்முறை அமைச்சரின் கையெழுத்தோடு. எங்கள் தொகுதியில் மட்டும் அப்படிக் காத்திருந்தவர்கள் நூற்று நாற்பது பேர்.

மார்ச்சில் ஃபெர்கலுக்கு அவையில் நான்கு நிமிடம் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை பேச வேண்டும். திங்கள் காலை டப்ளின் ரயிலிலிருந்து போன் செய்தான்.

"எண்ணைச் சொன்னா எவனும் தலையை நிமிர்த்த மாட்டான், டிம்ப்னா. ஒரே ஒரு ஆளோட கதை வேணும். யாராவது இருக்காங்களா?"

எனக்கு உடனே அட்ராக்டாதான் நினைவுக்கு வந்தாள். இரண்டு வரி எழுதி அவன் போனுக்கு அனுப்பினேன். என் தொகுதியில் முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டிய ஒருவரை, அவர் மனைவி ஓய்வூதியம் வாங்கப் போகும்போது பொதிக் கயிற்றால் கதவைக் கட்டி உள்ளே விட்டுப் போகிறார். திரும்பி வரும்போது அவர் கதவின் அந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டிருக்கிறார். பெயர் போடவில்லை. பெயர் இல்லாவிட்டால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படித்துவிட்டு அவன் மறுபடி கூப்பிட்டான்.

"அவங்ககிட்ட கேட்டியா?"

"கேட்டேன்" என்றேன்.

கேட்கவில்லை. ஒரு முறை போன் செய்தேன், மணி அடித்து நின்றது. அவள் வீடு ஆறு கிலோமீட்டர். கார் கீழேதான் நின்றது. போயிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போகவில்லை.

அவையில் பத்துப் பேர்கூட இல்லை. ஆனால் அந்த வரிகள் வந்ததும் இணை அமைச்சர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். மறுநாள் உள்ளூர் வானொலி அந்தப் பேச்சை மூன்று முறை ஒலிபரப்பியது. அந்த வாரத்துக்குள் நாடு முழுக்கத் தொலைபேசிகளில் ஓடியது. மகன்களும் மகள்களும் எங்கெங்கிருந்தோ எழுதினார்கள்: எங்கள் அம்மாவும் இப்படித்தான். ஒன்பதாவது நாள் டர்கன் வீட்டுக்கு உதவியாளர் வந்தாள். கோடை வருவதற்குள் எங்கள் மாவட்டத்துக்குப் பதினாறு புதுப் பணியாளர்களை எடுத்தார்கள். நூற்று நாற்பது அறுபதாகக் குறைந்தது. இதெல்லாம் உண்மை. நான் எழுதிய வரிகளால் எத்தனையோ வீடுகளில் பெண்கள் கொஞ்சம் தூங்கினார்கள்.

முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். வானொலி முதல் முறை சொன்னபோதே கசாப்புக் கடை வரிசையில் நின்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. யாரும் அவளிடம் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மலக்கியின் தங்கை கான்செப்டா கால்வே நகரத்திலிருந்து வந்து இறங்கினாள். வாசலில் நின்றபடியே, "எங்க அண்ணனைக் கன்னுக்குட்டி மாதிரியா கட்டிப் போட்ட?" என்று கத்தினாளாம். கயிறு கதவுக்குத்தான் என்று அட்ராக்டா சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

பிறகு ஒரு சமூகப் பணியாளர் வந்தார். மரியாதையான பெண்தான். கேள்விப்பட்ட பிறகு வராமல் இருக்க முடியாது என்றாராம். அறிக்கை எழுதினார். கான்செப்டா விடவில்லை. ஜூன் மாதம் மலக்கியை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளத்தான் அட்ராக்டா அந்தப் பத்து மணி நேரத்தைக் கேட்டு வந்தாள். அவளுக்குக் காரோட்டத் தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள் பேருந்தில் போய் வந்தாள்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை கடைசி ஆளாக வந்தாள். உட்காரவில்லை.

"உங்க அப்பாவை எனக்குத் தெரியும், ஃபெர்கல். அவர் இப்படிச் செஞ்சிருக்க மாட்டாரு. என் வீட்டு விஷயத்தைச் சபையில படிக்க உனக்கு யாரு அனுமதி குடுத்தா?"

ஃபெர்கல் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். நான் மேசையிலிருந்த கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரும் குடுக்கல" என்றான். "தப்பு என்னுது. கேட்டிருக்கணும். கேட்கல."

"ஆமா, கேட்டிருக்கணும்."

"மன்னிச்சிருங்க."

"அதை வச்சு நான் என்னப்பா பண்றது?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. கதவு சாத்தியதும் ஃபெர்கல் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"கேட்டேன்னு சொன்னே, டிம்ப்னா."

"சொன்னேன்."

"சரி" என்றான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த தேர்தலிலும் ஜெயித்தான். ஆனால் அதற்குப் பிறகு அவையில் ஒரு மனிதரைப் பற்றியும் அவன் பேசவில்லை. மருத்துவமனைப் படுக்கைகள், பேருந்து வழித்தடங்கள், சதவீதங்கள். வானொலிக்காரர்கள் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

மறு வருடம் நவம்பரில் மலக்கி இறந்தார். ஈமப் பூசையில் நான் பின் வரிசையில் நின்றேன், துக்கம் சொல்லிக் கை குலுக்க முன்னால் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு நிமிடப் பயணம்.

சமையலறையில் வைத்துச் சொன்னேன். "ஃபெர்கலுக்கு அப்ப தெரியாது. உங்ககிட்ட கேட்டுட்டேன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "உன்னைத் தவிர நான் யாருகிட்டயும் சொல்லலையே. அன்னிக்கே தெரியும். நீ வாயைத் தொறக்குறியான்னுதான் பாத்தேன்."

நான் அழுதேன். அவள் அதை நிறுத்தச் சொல்லவும் இல்லை, தேற்றவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்று கேட்டாள்.

"அவன் பேசினதையெல்லாம் எங்கயோ எழுதி வைப்பாங்களாமே. அந்த ரெண்டு வரியை எடுத்துட முடியுமா?"

"எழுதிக் கேக்கறேன்."

எழுதினேன். அவைக் குறிப்பேட்டுப் பதிப்பாளருக்கு, பிறகு அவைத் தலைவரின் அலுவலகத்துக்கு. ஃபெர்கலும் தன் கைப்பட ஒன்று எழுதினான். கண்ணியமான பதில் வந்தது. அவையில் சொல்லப்பட்டது சொல்லப்பட்டதுதான், நீக்க விதி இல்லை. அதை எடுத்துக்கொண்டு மறுபடி அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசிவரை படித்தாள்.

"அப்ப நான் போன பிறகும் அது அங்கயே இருக்கும்."

"இருக்கும்."

"அவரு ஒரு நாள் கூட லேட்டாப் போனதில்ல, தெரியுமா? முப்பத்தொரு வருஷம். பனியில கூட. அதை ஏன் நீ எழுதல?"

அவள் கடிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.