வள்ளத்தடியில் எடுத்த படம்

டுமீல் என்று ஒரு சத்தம். குசினிச் சுவரில் சாத்தியிருந்த தட்டம் சரிந்து விழுந்து, உருண்டு, கதவடியில் போய் நின்றது.

"மீனுக்குக் கள்ளமா வெடி போடுறாங்கள்," என்றாள் கோசலா, தேங்காய் துருவுவதை நிறுத்தாமலே. "இஞ்ச கேக்கிற சத்தம்தான். நீ இருந்து சாப்பிடு."

நிசாந்தன் பிட்டுக் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினான். தண்ணீருக்குள் வெடித்தால் சத்தம் மண்ணுக்குள்ளால் வந்து காலில் தெரியும். இது காதில் அறைந்தது. தண்ணீருக்கு மேலே எங்கோ வெடித்திருக்கிறது.

கமராப் பையை எப்போது தோளில் போட்டான் என்று அவனுக்கே தெரியாது. படலையைத் திறந்து ஓடினான்.

"விசரன்! சனம் வெடிக்குப் பயந்து ஓடுது, இவன் வெடியைப் பாக்க ஓடுறான்!" அக்காவின் குரல் வேலி வரைக்கும் துரத்தியது.

அவனுடைய தொழிலே அதுதான். சரவணையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் படம் எடுக்கத் தொடங்கி, பிறகு வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களுக்காக ஊர் ஊராகப் போனவன். சூடான் எல்லையில் அகதி முகாம், டாக்காவில் மாணவர் கலவரம், மியன்மார் எல்லையில் எரிந்த கிராமம். சம்பளக்காரன் இல்லை, படம் போனால் காசு, போகாவிட்டால் இல்லை. அடுத்த பயணத்துக்கு விசா வரும்வரை அக்கா வீட்டில் தங்கியிருந்தான்.

கடற்கரையை அவன் அடைந்தபோது நீல நிற ஃபைபர் வள்ளம் ஒன்று முழு வேகத்தில் கரையை நோக்கி வந்தது. இயந்திரத்தை யாரும் நிறுத்தவில்லை. மணலை உழுது கொண்டு ஏறிச் சாய்ந்து நின்றது. வள்ளத்தில் இருவர். ஒருவன் கத்திக் கொண்டு குதித்தான். மற்றவரைப் பிடித்து இறக்கி, வள்ளத்தின் முன்பக்கத்தில், பதிவு நம்பர் எழுதியிருந்த இடத்தில், முதுகைச் சாய்த்து மணலில் இருத்தினான்.

அது லியோன். கிழமைக்கு இரண்டு தரம் கோசலாவின் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "சூடை மீன் இருக்கு, பிள்ளை. வெளிநாட்டுக்காரத் தம்பி தின்னுவாரோ, இல்லாட்டி டின் மீன்தானோ?" என்று பகிடி விடும் லியோன். வலது கையில் சேட்டு ஒன்றைக் கழற்றிச் சுற்றியிருந்தார்கள். சேட்டு வெள்ளையாய் இருந்திருக்க வேண்டும். சுற்றிய பொட்டலம் ஒரு கைக்குரிய நீளத்தில் இல்லை.

நிசாந்தனின் கமரா கண்ணுக்கு ஏறியது.

லியோன் நிமிர்ந்து பார்த்தார். நேரே கமரா வில்லைக்குள் பார்த்தார். பிறகு இடது முழங்கையை மணலில் ஊன்றி, பல்லைக் கடித்துக் கொண்டு, உடம்பை ஒரு பக்கமாக இழுத்தார். இழுத்துச் சரிந்தார். கமரா சடசடவென்று அடித்தது.

அதற்குப் பிறகோ, அதற்கு முன்போ, நிசாந்தன் கமராப் பட்டியைக் கழற்றி லியோனின் முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினான். ஒரு தடியைச் செருகி முறுக்கினான். இரத்தம் நின்றது. ஓட்டோ வந்தது. லியோனை ஏற்றினார்கள். போய்விட்டது.

கிணற்றடியில் நின்று கைகளைத் தேய்த்துக் கழுவும்போது கோசலா பின்னால் வந்தாள்.

"நீதான் கட்டினதாம். நீ கட்டாட்டில் ரத்தம் போயே ஆள் முடிஞ்சிருக்குமாம். கடற்கரையெல்லாம் அதுதான் கதை."

"படமும் எடுத்தனான், அக்கா."

"எப்ப? கட்டமுன்னமோ, கட்டினாப் பிறகோ?"

"தெரியேல்லை."

"தெரியேல்லையோ? உன்ரை கைதானே?"

அவன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் இரத்தம் இருந்தது. கமராவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். படத்தில் பட்டி கையில் இருக்கும், அல்லது இருக்காது. அவன் திறக்கவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் கமராவைக் கண்டு முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். உலகம் பார்க்க வேண்டும் என்று தனக்குள் சொல்லிக் கொண்டு அவன் அழுத்தியிருக்கிறான். அந்த முகங்களுக்கு அவன் பெயர் தெரியாது, அவனுக்கும் அவர்களின் பெயர் தெரியாது. லியோன் விலகினதுதான் கண்ணுக்குள் நின்றது. விலகியவரை ஏன் எடுத்தேன்?

பின்னேரம் ஜெகதீஸ் வந்தார். அந்தக் கரையில் பாதி வள்ளங்கள் அவருடையவை. கையில் நண்டுப் பை.

"கோசலா, இந்தா. உயிர் நண்டு."

"ஜெகதீஸ் அண்ணை நண்டோட வாறார் எண்டால் இண்டைக்கு மழைதான்," என்றாள் கோசலா, பையை வாங்காமல்.

அவர் சிரித்தார். பையைத் தானே குசினித் திண்ணையில் வைத்துவிட்டு நிசாந்தனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டார்.

"தம்பி, நீர் படம் எடுத்தனீராம்."

"ஓம்."

"அதை அழிச்சுப் போடும். எனக்காக இல்லை. லியோனின்ரை மனுசி ஜெனீற்றா குழறிக்கொண்டு நிக்கிறாள். காஸ் அடுப்பு வெடிச்சது எண்டுதான் ஆஸ்பத்திரியில சொல்லிக் கிடக்கு. உம்மடை படம் வெளியில போனால் லியோனைப் பிடிச்சு உள்ள போட்டிடுவாங்கள். கையும் போய், ஆளும் உள்ளுக்குப் போனால் அவள் என்ன செய்யிறது?"

"வெடி ஆர் குடுத்தது, அண்ணை?"

ஜெகதீஸ் மூக்கைத் தடவினார். "இழுவைப்படகு வந்து வலையெல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போனால் சனம் என்னத்தைச் செய்யிறது? ஆர் குடுத்தது எண்டு தேடுற நேரமே இது? அந்த மனுசனைக் காப்பாத்திற நேரம்."

"ஜெனீற்றா அக்காதான் அழிக்கச் சொன்னவவோ?"

"பின்னை? அவள் சொல்லாமல் நான் வருவனே?"

நிசாந்தனுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. போய் என்ன முகத்தோடு கட்டிலடியில் நிற்பது? விலகியவரை எடுத்தவன் நான்தான் என்று சொல்லிக் கொண்டா? அவள் அழுகிறாளாம். படம் இல்லாவிட்டால் அவள் அழுகையாவது நிற்கும். தன் நெஞ்சுக்குள் கிடக்கிற பாரமும் கொஞ்சம் இறங்கும்.

கமராவை எடுத்தான். அதில் இரண்டு மெமரிக் காட். எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழும். அவன் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். மியன்மார் எல்லையில் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் துவக்கை நீட்டி அழிக்கச் சொன்னபோது, ஒரு காட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைச் சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டு வந்தவன் அவன். அந்தப் படம் பிறகு மூன்று நாட்டுப் பத்திரிகையில் வந்தது.

அன்றைக்கு இரண்டு காட்டையும் கழற்றி மேசையில் வைத்தான்.

"வெறுமனே அழிச்சால் காணுமோ? பெடியள் ஏதோ மெசினில போட்டுத் திரும்ப எடுக்கிறாங்களாமே," என்றார் ஜெகதீஸ்.

"ஓம், எடுக்கலாம்."

கோசலாவின் தையல் மெசின் இழுப்பறையில் குறடு இருந்தது. ஒவ்வொன்றையும் குறட்டால் பிடித்து முறித்தான். ஜெகதீஸ் துண்டுகளைப் பொறுக்கி, தானே குசினிக்குள் போய், அடுப்பில் போட்டுவிட்டு வந்தார். பிளாஸ்ரிக் எரியும் நாற்றம் வீடு முழுக்க நின்றது.

"நீர் நல்ல பிள்ளை, தம்பி," என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

கோசலா நண்டை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "ஏனோ தெரியேல்லை, எனக்கு அது வேண்டாம்," என்றாள்.

அந்தக் கிழமை லண்டன் செய்தி நிறுவனத்தில் இருந்து தகவல் வந்தது. விசா சரி, பயணத்துக்குத் தயாராகச் சொன்னார்கள். அவன் பையை அடுக்கினான். அடுக்கியதை வெளியே எடுத்தான். திரும்ப அடுக்கினான். ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தான். பின்னேரம் வந்ததும் போகாமல் விட்டதே சரி என்றிருந்தது.

ஒரு மத்தியானம் படலையில் ஜெனீற்றா நின்றாள். ஆஸ்பத்திரிக்குத் தேத்தண்ணி கொண்டு போகும் பிளாஸ்க் கையில் இருந்தது. கோசலா கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் இருக்கவில்லை.

"எப்பிடி அக்கா லியோன் அண்ணைக்கு?" நிசாந்தன் எழும்பி வந்தான்.

"மணிக்கட்டோட எடுத்திட்டாங்கள். காயத்தைப் பாத்த டொக்டர் இது காஸ் அடுப்பு இல்லை எண்டிட்டார். பொலிஸ் வந்திட்டுது. இருக்கிற கையைக் கட்டிலோட விலங்கு போட்டுப் பூட்டியிருக்கு. சோறு நான்தான் வாயில தீத்திறன்."

கோசலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"ஜெகதீஸ் அண்ணை என்ன சொல்லுறார்?" என்று கேட்டான் நிசாந்தன்.

"தன்ரை வள்ளத்தில லியோன் தொழிலுக்கு வாறதே இல்லையாம். வெடியும் தனக்குத் தெரியாதாம். வள்ளத்துக்குப் பச்சை நிறம் அடிச்சு, வேறை கரைக்குக் கொண்டு போயாச்சு. கூட நிண்டவனை மன்னாருக்கு அனுப்பியாச்சு. காலமை வெடியைக் கையில குடுத்து அனுப்பினவர், பின்னேரம் ஆளையே தெரியாது எண்டுறார்." அவள் பிளாஸ்க்கை மற்றக் கைக்கு மாற்றினாள். "சட்டத்தரணி கேட்டவர், அந்த வள்ளத்தில வேலை செய்தவர் எண்டதுக்கு ஏதும் இருக்கோ எண்டு. இருந்தால் முதலாளியையும் கூண்டில ஏத்தலாமாம். இல்லாட்டில் எல்லாம் லியோனின்ரை தலையிலதானாம். நான் சொன்னனான், இருக்கு, நிசாந்தன் தம்பி எடுத்தவர் எண்டு. அதைத் தாரும், தம்பி."

நிசாந்தன் அவளையே பார்த்துக் கொண்டு நின்றான்.

"நீங்கள்தானே அழிக்கச் சொன்னனீங்கள், அக்கா?"

"என்னத்தை?"

"படத்தை. நீங்கள் அழுறீங்கள், அழிக்கட்டாம் எண்டு ஜெகதீஸ் அண்ணை வந்து..."

"நான் அண்டைக்கு முழுக்க ஒப்பரேசன் வாசல்ல நிண்டனான். ஜெகதீஸை நான் கண்ணாலயும் காணேல்லை." அவள் குரல் உயரவில்லை. "அழிச்சிட்டீரோ?"

"முறிச்சு அடுப்பில போட்டாச்சு."

"ஒண்டுமே இல்லையோ? மறந்துபோய் எங்கையாவது?"

"இல்லை. ரெண்டு காட் இருந்தது. ரெண்டையும்."

கோசலா அவனைப் பார்த்தாள்.

அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இத்தனை நாளும் தன்னைத் தின்றதைச் சொன்னால் அவளுக்காவது விளங்கும் என்று நினைத்தான்.

"லியோன் அண்ணைக்கும் அந்தப் படம் விருப்பமில்லை, அக்கா. கமராவைக் கண்டதும் விலகினவர். அந்த நோவுக்குள்ளயும் உடம்பை இழுத்து இழுத்து விலகினவர். நான் கண்டனான். அதுதான் எனக்கு..."

"விலகினதோ?" ஜெனீற்றா அவனை முதல் தடவையாக நேரே பார்த்தாள். "'நிசாந்தன் எடுக்கிறான், முதுகு மறைச்சுக் கிடந்த வள்ள நம்பர் படத்தில விழட்டும் எண்டுதான் உடம்பை அரக்கினனான், வழக்குக்கு அது காணும், பயப்பிடாதை' எண்டு மனுசன் இண்டைக்குக் காலமையும் எனக்குச் சொல்லுது, தம்பி."