செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னது

விடியும் முன்பே திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் உடைப்பு இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். வேர்க்கடலைத் தொலியின் தூசி செம்புகையாக எழும்பிக் கூரையில் முட்டித் திரும்பும். அதற்குள் குந்தியிருந்து பெண்கள் முறத்தில் பருப்பைப் புடைத்துச் சொத்தை பொறுக்குவார்கள். வீரம்மாள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு புடைப்பாள்.

எண்பத்தெட்டில் மில்லுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று குளிர்ந்த அறை கட்டினார்கள். தூசி ஆகாதென்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வெறுங்காலோடு சில்லிட்ட தரையில் நின்றதும் பெண்களுக்குக் கோயில் நினைப்பு வந்துவிட்டது. உள்ளே கம்ப்யூட்டர் ஓட்டவந்த பையன் தேவசகாயம் ஒவ்வொருத்தியிடமும் உடம்புக்கு என்ன, வீட்டுக்காரர் எந்தச் சங்கம் என்று கேட்டுக் கேட்டு அதில் தட்டினான்.

“இதுகிட்ட சொல்றது வெளிய போவாதுங்க்கா” என்றான். அவனும் அதை நம்பினான்.

புருஷனிடம்கூடச் சொல்லாததை வீரம்மாள் அங்கே சொன்னாள். காசம். பெரியாஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். அந்த அறையில் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரம் அவளை நிறுத்தினார்கள். வளவனூர் மில்லுக்குப் பஸ் ஏறினாள். பேரைச் சொன்னதுமே மேஸ்திரி இரண்டடி பின்வாங்கினான்.

“நீ அந்தக் காசக்காரிதானே?”

விழுப்புரத்திலும் அதேதான். அவள் போகும் ஊருக்கெல்லாம் அவளுடைய நோய் முன்னமே போய்ச் சேர்ந்திருந்தது.

கூட வேலை செய்த கெங்கம்மாள் அவளை முதலாளி மாசிலாமணியிடம் அழைத்துப் போனாள். மற்றவர்களும் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

“ஒட்டிக்கிற சீக்கும்மா. மத்தவங்க நல்லதுக்குத்தான்.”

“மத்தவங்க நாங்கதான் மொதலாளி. எங்கள கேட்டீங்களா? மாத்திரை சாப்பிட்டுக்கினு இருக்கா, இனிமே ஒட்டாது, வேலைக்குப் போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. தூசி போவ ஒரு சன்னல் கேட்டோம், வெக்கல. அந்தப் பொட்டிக்கு மட்டும் குளுரு ரூம்பு. சரி, இவ சேதி வளவனூருக்கு எப்படிப் போச்சு?”

அவர் சிரித்தார். “பொட்டில இருக்கறத ஒரு பிளாப்பித் தட்டுல ஏத்திக் குடுத்தேன். மில்லுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை. நீங்க சங்கம் வச்சிக்கினு இல்லியா, அது மாதிரி.”

“அத்த அழிச்சிடுங்க.”

“இங்க அழிச்சா அங்க இருக்கும். ஒட்டலேன்றியே, நாளைக்கு எல்லார்கிட்டயும் என்னா சீக்குன்னு திரும்பக் கேக்கச் சொல்றேன். பேஜாரு பண்ணாம போங்க.”

பக்கத்தில் நின்றிருந்த தேவசகாயம் தலை நிமிரவில்லை. “நெசந்தான்க்கா. போனது போனதுதான்.”

மறுநாள் குளிர்ந்த அறையில் முதலில் நின்றவள் கெங்கம்மாள்.

“என்னா சீக்குக்கா?”

“காசம்.”

அடுத்து பாஞ்சாலி. “காசம்.”

மாசமாக இருந்த சவுரியம்மாள், “எனக்கும் காசம் தம்பி. வயித்துல கீறதுக்கும் சேத்துப் போட்டுக்கோ” என்றாள்.

“பொய்யால்லக்கா சொல்றீங்க?”

“ஆமா. இனிமே இது சொல்றத எந்த மில்லுக்காரன் நம்புவான்?” என்றாள் கெங்கம்மாள்.

மாசிலாமணி வந்து திரையைப் பார்த்தார். கத்தவில்லை. “மொத்தமா நிறுத்திட்டு வெளியூர் ஆள எறக்கறேன்” என்றார்.

அவரால் முடியும். மழை பொய்த்த ஆண்டு. கூப்பிட்டால் வர எந்த ஊரிலும் ஆளுண்டு.

கேட்டுக்கு வெளியே எல்லோரும் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

“எனக்காக உங்க பொழப்பையும் கெடுத்துக்கினீங்களே” என்றாள் வீரம்மாள்.

“உனக்காகன்னு யாருடி சொன்னது? நாளைக்கு என்னைத் தட்டுல ஏத்தி எந்த ஊருக்கு முன்னாடியே அனுப்பி வெப்பானோ” என்றாள் கெங்கம்மாள்.

பொழுது சாயுமுன் லாரி வந்தது. பிரம்மதேசத்துப் பக்கத்துப் பெண்கள், மடியில் சோற்றுத் தூக்குகளோடு. இவர்களைவிட இளைத்திருந்தார்கள். கெங்கம்மாள் எழுந்துபோய் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

“எறங்கறதுக்கு முன்னாடி ஒரு சேதி கேட்டுக்கோங்கம்மா.”

இறங்கக் காலைத் தொங்கவிட்டிருந்த ஒருத்தி, அதை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.