திரைக்குப் பின்னால் கூவிய சேவல்

எங்கள் கரையில் பெரிய கிழமையில், ஆண்டவர் சிலுவைப்பாடு பட்டதை நினைத்து உடக்குப் பாஸ் நடக்கும். மேடையில் மனிதர் நடிப்பதில்லை. ஆளுயர மரச் சுரூபங்களைக் கயிறு கட்டி அசைப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்று நாங்கள் குரல் கொடுப்போம். ஆண்டவரின் சீடர் இராயப்பருக்குக் குரல் கொடுப்பது எங்கள் குடும்பம். பாட்டனார் கொடுத்தார், தகப்பனார் கொடுத்தார், இப்போது நான். இராயப்பரும் வலைகாரர், நாங்களும் வலைகாரர். அந்த உரித்தை இன்னொரு வீட்டுக்கு விட்டதில்லை.

இந்த வருடம் பாஸை நடத்துகிற அண்ணாவியார் பிலேந்திரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரை வந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

"மத்தேயு அண்ணை, மகள் கொழும்பால வந்து நிக்கிறாளாமே?"

"ஓம். லீவில வந்தவள்."

"போன வருசம் சேவல் செய்த வேலை தெரியும்தானே?"

தெரியாமல் என்ன? ஆண்டவரைத் தெரியாது என்று இராயப்பர் மூன்றாம் முறையும் மறுதலித்தவுடன் சேவல் கூவ வேண்டும். அதைக் கேட்டு அவர் அழ வேண்டும். கூவலை ஒலிப்பதிவில் வைத்திருந்தோம். போன வருடம் நான் அழுது முடித்து, ஆண்டவரைப் பிலாத்துவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் அது கூவியது. சனம் சிரித்தது. எங்கள் குடும்பம் குரல் கொடுத்த இடத்தில் சிரிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"டக்சி கூவினா நல்லாயிருக்கும்," என்றார் பிலேந்திரன்.

"எங்கட வீட்டில இராயப்பர் பேசியிருக்கிறம். சேவல் கூவினதில்லை."

"சேவல் கூவாட்டி இராயப்பர் என்னெண்டு அண்ணை அழுறது?"

குசினிக்குள் என் மனைவி மார்கிறட் சிரித்தது எனக்குக் கேட்டது.

டக்சாயினி எங்களுக்கு ஒரே பிள்ளை. எட்டு வயதில் ஒரு படத்தில் நடித்தாள். தகப்பனின் படகு வரும் என்று கரையில் காத்து நிற்கிற பிள்ளையின் வேடம். படம் எடுக்க வந்தவர்கள் கரை முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு இவளைத்தான் எடுத்தார்கள். மறைமாவட்ட மேற்றிராணியார் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்த புகைப்படம் எங்கள் விறாந்தைச் சுவரில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிற எவருக்கும் அதைக் காட்டாமல் அனுப்பியதில்லை. பிறகு இன்னும் இரண்டு படங்களில் நடித்தாள். அதற்குள் வளர்ந்துவிட்டாள். வளர்ந்த பிள்ளையை ஒருவரும் கேட்டு வரவில்லை.

படிப்பு முடிந்ததும் கொழும்புக்குப் போய் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் சேர்ந்தாள். தொலைபேசியில் நாம் எடுக்கிற இலக்கம் பாவனையில் இல்லை என்று சொல்கிற பெண் எங்கள் மகள்தான். அவளை மனம் தேடினால் மார்கிறட் வேண்டுமென்றே பழைய இலக்கம் ஒன்றை அடித்துக் கேட்பாள். "பிள்ளைக்குத் தடிமன் போல கிடக்கு, குரல் அடைச்சிருக்கு," என்பாள். எப்போதோ பதிந்து வைத்த குரல் என்று சொன்னாலும் ஏற்கமாட்டாள்.

அந்த வேலையை நான் நாலு பேருக்குச் சொல்லுவேன். மற்றதைச் சொல்வதில்லை. ரீவியில் சிறுவர் கேலிச்சித்திரத்தில் ஒரு காகம் வரும். பேக்கரியில் பணிஸ் களவெடுத்து, அது கைதவறி விழுந்ததும், "ஐயய்யோ, என்ர பணிஸ்!" என்று தொண்டை கிழியக் கத்தும். வன்னியில் அதைச் சொல்லிக் கத்தாத பிள்ளை இல்லை. அதுவும் அவள்தான். மேற்றிராணியார் கைவைத்த பிள்ளை.

பிலேந்திரன் போன பிறகு டக்சி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, நான் கூவுறன்."

"சனம் சிரிக்கும், பிள்ளை."

"சிரிக்கிற மாதிரிக் கூவமாட்டன்." சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். "வாற ஆக்களுக்கெல்லாம் அதில தொங்கிறவளைத்தான் காட்டுறீங்கள். நான் இஞ்ச நிக்கிறன் அப்பா. எங்கட சனத்துக்கு முன்னால, உங்களோட ஒருக்கா நிண்டு குரல் குடுக்கோணும் போல கிடக்கு."

கடைசியில் சம்மதித்தேன். ஆனால் கூவியது யார் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றேன்.

"சரி அப்பா," என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் மீன் ஏலம் கூறுகிற இடத்தில், என் படகு மீனை வாங்குகிற வியாபாரி ஒருவன் எல்லோருக்கும் கேட்கக் கேட்டான். "சம்மாட்டியார், ரீவிக் காகம் உங்கட மகளாமே?"

"ஆர் சொன்னது? அது வேற ஆரோ."

முள்ளியவளையில் இருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் இருந்த வாத்தியாரும் அதையே கேட்டார். என் மகள் தொலைபேசி நிறுவனத்துக்குத்தான் குரல் கொடுக்கிறாள், காகம் கீகம் எனக்குத் தெரியாது என்றேன்.

பாஸ் அன்று பின்னேரம் கோவில் முற்றம் நிறைந்துவிட்டது. நான் வெள்ளை வேட்டி கட்டித் திரைக்குப் பின்னால் போக எழும்பியபோது, பேரப்பிள்ளைகளோடு முன்னுக்கு இருந்த வீரம்மா மறித்தா. முள்ளியவளைக்காரி. வேதக்காரி இல்லாவிட்டாலும் பாஸ் பார்க்க வருடா வருடம் வருவா.

"மத்தேயு அண்ணை, இதுகள் என்னைப் பிய்ச்சுத் தின்னுதுகள். காக அக்கா இஞ்சதான் இருக்கிறாவாம். உங்கட பெட்டையோ?"

"இல்லை," என்றேன். "அப்பிடி ஒருத்தரும் எங்கட வீட்டில இல்லை."

திரும்பியபோது திரையின் ஓரத்தில் டக்சி நின்றிருந்தாள். கையில் எனக்காகச் சுடுதண்ணீர் வைத்திருந்தாள். தொண்டைக்கு. தந்துவிட்டுத் திரைக்குப் பின்னால் போனாள்.

விளக்குகள் எரிந்தன. ஆண்டவரைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். நெருப்பருகில் இராயப்பரின் சுரூபம் நின்றது. வேலைக்காரி கேட்டாள், மறுதலித்தேன். காவலாளி கேட்டான், மறுதலித்தேன். அந்த வசனங்களைச் சிறுவயதில் இருந்து மனப்பாடமாகச் சொல்லி வருகிறேன். மூன்றாவதையும் சொல்லி முடித்தேன்.

டக்சி ஒலிவாங்கிக்குக் கிட்டப் போகவில்லை. இரண்டடி பின்னுக்கு நின்று, கையை வாயருகில் குவித்துக் கூவினாள்.

அது ரீவிச் சேவல் இல்லை. தொடக்கத்தில் கம்பீரமாக எழும்பி, கடைசியில் மூச்சு முட்டினது போல உடைகிற கூவல். எங்கள் வீட்டுச் சேவல் அப்படித்தான் கூவும். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அதை வேலியடியில் விட்டுவிட்டு வந்தோம். முகாமில் கோழியும் இல்லை, சேவலும் இல்லை; விடிந்ததுகூடத் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளை இவள் தறப்பாள் கூடாரத்துக்குள் எழும்பி இருந்து அந்தச் சேவலைப் போலக் கூவுவாள். "சம்மாட்டி வீட்டுச் சேவல் வந்திட்டுது," என்று அடுத்த தறப்பாளில் சொல்லுவார்கள். அந்த நாட்களில் எதற்கும் சிரிக்காத மார்கிறட் அதற்குச் சிரித்தாள். என் மகளின் தொழில் எந்தப் படத்திலும் தொடங்கவில்லை. அங்கேதான் தொடங்கியது.

இப்போது இராயப்பர் அழ வேண்டும். எத்தனையோ வருடம் அழுத அழுகை. தொண்டையில் இருந்து ஒன்றும் வரவில்லை. மேடையில் சுரூபம் தலைகுனிந்து நின்றது. முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றேன். சனத்துக்குக் கேட்டது என் மூச்சு மட்டும்தான். டக்சி வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிலேந்திரன் அந்தக் காட்சியை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டுத்தான் விளக்கை அணைக்கச் சொன்னார்.

பாஸ் முடிந்து வெளியே வந்தோம். வீரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தா.

"அண்ணை, இந்த முறைச் சேவல் உயிரோட கூவினது போல கிடந்துது. எங்க பிடிச்ச றெக்கோட்?"

"றெக்கோட் இல்லை," என்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பாஸ் குரலிலேயே சொன்னேன். "என்ர மகள் டக்சாயினி கூவினவள். ரீவியில வாற காகமும் அவள்தான்."

வீரம்மா வாயில் கைவைத்தா. "பின்னேரம் இல்லையெண்டியள்!"

"பின்னேரம் இல்லையெண்டனான். இப்ப ஓமெண்டுறன்."

அவ்வளவுதான், பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். காக அக்கா, காக அக்கா என்று சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். டக்சி அவர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"காகம் மாதிரிக் கத்தச் சொல்லுதுகள், என்னப்பா செய்ய? பெரிய கிழமை எல்லே?"

"பெரிய கிழமையிலயும் பிள்ளையள் பிள்ளையள்தானே. மெதுவாச் சொல்லு."

அவள் குனிந்து, முன்னால் நின்ற சின்னவளின் காதுக்குள், "ஐயய்யோ, என்ர பணிஸ்!" என்று இரகசியமாகக் கத்தினாள். சின்னவள் துள்ளினாள். மற்றதுகள் எனக்கு, எனக்கு என்று தள்ளுப்பட்டன.

நான் அங்கே கிடந்த தடியொன்றால் மணலில் ஒரு கோடு கீறி, அதன் பின்னால் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். எங்கள் வீட்டுப் பிள்ளையிடம் வருகிறவர்கள் ஒழுங்காக வர வேண்டும்.