டெலோரஸ் பெல்லின் விம்மல்

டெட்ராய்ட்டில் எழுபதைத் தாண்டிய எந்த ஆம்பளையையும் சலூன் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு துணியைப் போர்த்துங்கள். கத்தரி தலையில் படுவதற்குள், தானும் ஒரு காலத்தில் இசைத்தட்டுக்குப் பாடியவன் என்று ஆரம்பித்துவிடுவான். என் புருஷன் ரோஸ்கோவும் அந்த ரகம்தான். பத்தொன்பது வயதில் கிராண்ட் ரிவர் சாலை ஸ்டுடியோ ஒன்றில் 'சோல்' என்கிற கறுப்பர் இசையில் ஒரு பாட்டு பாடினாராம். தட்டு வெளிவருவதற்குள் முதலாளி கடையை இழுத்து மூடிவிட்டாராம்.

"அப்படின்னா ரோஸ்கோ அண்ணே, நான் நிலாவுல முடி வெட்டினவன்" என்பான் சலூன்காரன் லூதர். மொத்தக் கடையும் சிரிக்கும். இவர் முகம் தொங்க வீடு திரும்புவார். நான் என்ன சொல்ல முடியும்? கார் தொழிற்சாலையின் பெயின்ட் புகை அவர் தொண்டையை வாங்கிக்கொண்ட பிறகுதான் என்னைக் கட்டினார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. லூதர் கடையில் ஒரே ஒருவன் நம்பிவிட்டால் நிம்மதியாகச் சாவேன் என்று அடிக்கடி சொல்வார்.

போன வசந்தத்தில் ட்ரெவர் ஹாலிவெல் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கினார். அந்த ஸ்டுடியோ இப்போது டயர் கடை. அதன் நிலவறையில் ஈரத்தில் ஊறிக் கிடந்த ஒலிநாடாப் பெட்டிகளில் யார் பாடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் தட்டாக வெளியிடுவதுதான் அவர் வேலை. பெட்டியை முகர்ந்தே வருஷம் சொல்வாராம். அவர் முக்கியமாகத் தேடி வந்தது டெலோரஸ் பெல் என்ற பாடகியை. அவளைத் தெரிந்தவர்கள் வரலாம் என்று வானொலியில் பாட்டையும் போட்டார்.

ரோஸ்கோ தேநீரைக் கீழே வைத்தார். "வெர்னெட்டா, இது என் பாட்டு. ஒவ்வொரு வரியும் என்னுது."

"குரலு?"

அவர் முழித்தார். "குரலு... என் தங்கச்சி குரல் மாதிரி இருக்கு."

"உங்க தங்கச்சிக்குப் பாடத் தெரியாதே."

"அதான் எனக்கும் புரியல."

முதல்முறையாக அவருக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வானொலிக்காரர்களைப் பிடித்து, ட்ரெவரை ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

நாடாவையும் அதை ஓட்டும் கருவியையும் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தார் மனிதர். கெளுத்தி மீன் வறுபடும்வரை டெலோரஸ் புராணம்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்பு இந்தப் பாட்டின் மாதிரித் தட்டு ஒன்று எப்படியோ அவர்கள் ஊர் நடனக் கூடத்துக்குப் போயிருக்கிறது. தட்டு போடுபவன், போட்டிக்காரர்கள் இன்னொன்றைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று லேபிளின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, வாயில் வந்த பெயரை எழுதிவிட்டான். அங்கே எல்லோரும் செய்கிற வேலைதானாம். அவன் செத்தும்போனான். பெயர் மட்டும் சாகவில்லை.

"வாயில வந்த பேருன்னா, அப்படி ஒருத்தி இல்லவே இல்லையே?" என்றேன்.

"பேரு பொய்யா இருக்கலாம்மா. பொண்ணு நிஜம். பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு விம்மல் வரும் பாருங்க. காதலன் கைவிட்ட வலி அது. அதைப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

ரோஸ்கோ மெல்ல, "தம்பி, அதைப் பாடினது நான்" என்றார்.

ட்ரெவர் பரிவோடு புன்னகைத்தார். "ஐயா, நீங்க அங்க தரை பெருக்கியிருப்பீங்க. கேட்டுக் கேட்டு மனசுல பதிஞ்சிருக்கும்."

"ஆரம்பத்துல, நாடாவை 'ஓட்டு'ன்னு சொல்றவன் முதலாளி ஹரால்டு. லாரி மாதிரி ஆளு."

"இல்லைங்க. அது பத்துப் பன்னிரண்டு வயசுப் பையன். ஸ்டுடியோவை ஒரு பள்ளிக்கூடப் பையன்தான் நடத்தினான்னு என் புத்தகத்துல நிரூபிச்சிருக்கேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு மீன் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். விருந்தாளி என்று விட்டேன். எல்லோரும் உட்கார்ந்தோம். ஜெபம் சொல்ல ரோஸ்கோ தலை குனிந்தார். சொல்வதற்கு முன்பு, என்றும்போல், தொண்டையைச் செருமினார். "ஹ்ம்... ஹ்ம்... ஹ்ஹும்."

ட்ரெவர் கையிலிருந்த சோள ரொட்டி கீரையில் விழுந்தது.

"இன்னொரு தடவை செய்யுங்க."

"ஜெபத்தையா?"

"விம்மலை!"

"சளிங்க அது" என்றேன். "டாக்டரைப் பாருங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு."

ட்ரெவர் வியர்த்துப்போனார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் ஊரில் ஆடுவதற்குத் தோதாகத் தட்டை வேகமாக ஓட்டுவார்களாம். ஐம்பது வருஷமும் அந்த வேகத்தில்தான் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். நிலவறையில் கிடைத்த நாடா மெதுவாக ஓடியபோது, ஈரத்தில் நாடா இழுபட்டுவிட்டது என்று முடிவுகட்டி, டெலோரஸ் வரும்வரை இவரே வேகத்தைத் திருகி ஏற்றியிருக்கிறார்! ஹரால்டு பையனாகிப் போனதும் அப்படித்தான். நாடா தப்பாக இருக்கலாம், ஸ்டுடியோ தப்பாக இருக்கலாம், ட்ரெவர் காது மட்டும் தப்பாக இருக்கவே முடியாது.

"ரோஸ்கோ ஐயா, மன்னிச்சிடுங்க" என்றார். உடனே, "ஆனா தட்டு டெலோரஸ் பேர்லயே வரட்டுமே. எங்க ஊர்ல ரசிகர்கள் நிறையப் பேர் அவ பேரைக் கையில பச்சை குத்தியிருக்காங்க. அதை எப்படிங்க அழிக்கிறது?" என்றார்.

"குத்தினவன் தோலு, அவன் பாடு" என்றேன். "சனிக்கிழமை லூதர் கடைக்கு வாங்க. அங்க எல்லார் முன்னாடியும் இதை ஓட்டுங்க."

வந்தார். கடை நிரம்பி வழிந்தது. லூதர் ஒருவனின் பாதித் தலையோடு நின்றான். "எங்க, அண்ணன் கச்சேரி ஆரம்பிக்கட்டும்!"

ட்ரெவர் கருவியை முடுக்கினார். பழக்க தோஷம், கை தானாகப் போய் வேகத்தை ஏற்றிவிட்டது. ஒரு சின்னப் பெண் கீச்சுக் குரலில் பாட ஆரம்பித்தாள்.

கடை இடிந்து விழும்படி சிரிப்பு. "டெலோரஸ் அக்கா! கவுன் எங்கக்கா?" என்று லூதர் கண்ணீர் வரச் சிரித்தான். ரோஸ்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தார்.

நான் ட்ரெவரை ஒதுக்கித் தள்ளிவிட்டு, நாடாவை முதலுக்குச் சுற்றி, வேகத் திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

"ஓட்டு" என்றான் ஹரால்டு, லாரி மாதிரி. ஒரு செருமல். பிறகு அந்தக் குரல் வந்தது. இளசாக, கனமாக, அவசரமே இல்லாமல். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் நான் சந்திக்காத பையன் அவன். பெயின்ட் புகையை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி எதையும் வெறுத்ததில்லை.

லூதரின் கையில் முடிவெட்டும் மெஷின் நின்றுபோயிருந்தது. "யாருக்கா இது?" என்றான், மெதுவாக.

"என் புருஷன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. லூதர் நாற்காலியில் இருந்தவனைப் பாதித் தலையோடு எழுப்பிவிட்டு, இருக்கையைத் துடைத்தான். "அண்ணே, வந்து உக்காருங்கண்ணே."

ரோஸ்கோ கதவருகிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷமும் இந்த நாளுக்காகச் சேர்த்து வைத்த பேச்சு அவரிடம் இருந்தது. வாயைத் திறந்தார். செருமினார். "ஹ்ம்... ஹ்ம்... ஹ்ஹும்."

மூலையில் ட்ரெவர் கண்களை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.